ஜோர்ஜாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிற விஸ்டினுக்கு ஆகஸ்ட் மாதத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அன்றைக்குக் காலை பத்து மணிக்கே மணல் கொதித்தது. ஒரு குடை நிழலில் ஒதுங்கி வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"சாப்பிட்டியா ஜோர்ஜா?"

"மெலா."

"வரும்போது தர்பூசணி வாங்கிட்டு வரவா?"

"மெலா."

"என்ன, நேத்துச் சண்டை இன்னும் தீரலையா? கோவமா இருக்கியா?"

"மெலா."

சிரித்துக்கொண்டே போனை வைத்தார். மால்டாவில் அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஆமாம் என்றாலும் மெலா, பின்னே என்றாலும் மெலா. பேச்சை ஆரம்பிக்கவும் அதுதான், 'போதும் கிளம்பு' என்பதற்கும் அதுதான். கிண்டலாக இழுத்துச் சொன்னால் 'கிழிச்சே போ' என்று அர்த்தம். விடுமுறைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் அதைத்தான்.

பகல் பன்னிரண்டுக்கு ரொட்டி வேன்காரன் வந்து, வழக்கம்போல இரண்டு போதுமா என்று கேட்டிருக்கிறான். ஜோர்ஜா மெலா என்றிருக்கிறாள். எதிர்வீட்டு சேட்டா பால்கனியில் நின்றபடி தன் மருமகளைப் பற்றிக் கால் மணி நேரம் புலம்பியிருக்கிறாள். அதற்கும் மெலாதான். "சரியான இடத்துல சரியாத்தானே சொன்னா! நான் என்னத்தக் கண்டேன்?" என்று சேட்டா பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு விஸ்டின் தர்பூசணியோடு உள்ளே நுழைந்தபோது சமையலறைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஜோர்ஜா நாற்காலியில் இருந்தாள். வலது கை மடியில் யாருடையதோ போலக் கிடந்தது.

"என்னாச்சு?"

"மெலா," என்றாள். கண்கள் மட்டும் வேறெதையோ கத்தின.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா கேட்டாள், "எப்ப ஆரம்பிச்சது?"

"தெரியலம்மா. காலையில போன்ல பேசினேன்."

"நல்லாப் பேசினாங்களா?"

"மெலான்னு சொன்னா."

அவளும் அந்தத் தீவில் பிறந்தவள்தானே. எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். மூளையில் பேச்சு இருக்கிற இடத்துக்கு ரத்தம் போகவில்லை, முதல் சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றாள். சிலருக்கு நாக்கு அதிகம் பழகின ஏதாவதொரு சொல் மட்டும் தங்கிவிடுமாம்.

முப்பது வருஷம் ஓட்டலில் துணி வெளுத்த ஜோர்ஜாவுக்கு வாய்தான் சொத்து. வாடிக்கையாளர்கள் நடப்பதை, குளிப்பதை, பில்லைப் பார்த்து முழிப்பதை நடித்துக் காட்டி வீட்டையே சிரிக்கவைப்பாள். வங்கியிலும் பாதிரியாரிடமும் விஸ்டினுக்காகப் பேசியவள் அவள்தான். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார், அவ்வளவே. இப்போது இருவருக்குமாகப் பேச யாரும் இல்லை.

ஞாயிறுதோறும் மெல்போர்னிலிருந்து மகள் டோரிஸ் கூப்பிடுவாள். "அம்மா, சூப் குடிச்சியா?"

"மெலா."

"பாருங்கப்பா, எவ்ளோ தெளிவாப் பேசுறாங்க!"

அவளிடம் உண்மையைச் சொல்ல விஸ்டினுக்கு வாய் வரவில்லை. ஜோர்ஜா அன்றைக்குச் சூப்பைத் தொடவே இல்லை.

அக்டோபரில் கூட்டம் வடிந்தது. குடைகளைக் கட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டு அவர் முழு நேரமும் அவளோடு இருந்தார். குரல் ஏறினால் தண்ணீர், இறங்கினால் அலுப்பு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பாதிக்கு மேல் தப்பிப்போனது.

ஒரு மத்தியானம் அவள் கட்டிலில் இருந்தபடி அலமாரியைக் காட்டி, "மெலா, மெலா" என்றாள்.

"போர்வையா?" எடுத்து வந்தார். இல்லையென்று தலையை ஆட்டினாள். ஜபமாலை? இல்லை. டோரிஸின் கல்யாணப் படம்? தள்ளிவிட்டாள். நீலச் சட்டை, தைக்கிற பெட்டி, பழைய கைப்பை, வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்த மீன் படம் போட்ட துண்டு, எல்லாம் கட்டிலில் வந்து விழுந்தன. அவள் முகம் சிவந்து இடது கையால் மெத்தையை அறைந்தாள்.

"மெலா!"

"எனக்குப் புரியலடி! ஆண்டவனே, நான் என்ன செய்யட்டும்?"

அலமாரி காலியாகிவிட்டது. விஸ்டின் கடைசித் தட்டையும் தடவிப் பார்த்தார். தூசிதான் ஒட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அறுபத்து நான்கு வயதுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் என்ன கேட்டாள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஜோர்ஜா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலில் குவிந்திருந்ததை ஒற்றைக் கையால் மெதுவாக ஓரத்துக்குத் தள்ளி, அவர் உட்கார ஓர் ஆள் இடம் ஒழித்தாள்.