மறுபடி வைத்த பொட்டு

முதுமையில் வரும் மறதி நோயை ஆராயும் மருத்துவக் குழுவில் சேரப் போனபோது, ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டார்கள். அல்சைமர் என்ற பெயரைப் புத்தகத்தில் படித்திருந்தேன். குடும்பத்தில் முதலில் படித்தவன் அல்லவா, தொண்டு, கடமை என்று நன்றாகவே பதில் சொன்னேன். தாத்தாவைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், லாபு பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தார்கள். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு இவை எதுவும் மனதில் நிற்காது. விடிந்தால் ரப்பர் பால் வாளியோடு வாசலுக்கு வந்து அம்மாவிடம் கேட்பார்.

"எங்கம்மா எம்மவன்? பெரட்டுக்குப் போயிட்டானா?"

பெரட்டு என்பது காலையில் ஆளெண்ணி வேலை கொடுக்கும் இடம். அதுவும் நின்று வெகுநாளாயிற்று.

"அப்பவே போயிட்டாரு மாமா. நீங்க கஞ்சியக் குடிங்க."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருக்காக யாரும் இரங்கியதாக நினைவில்லை. "கெழவன் பலே ஆளுலா! சயாமுக்குப் புடிச்சிருவான்னு என்னமா நடிக்குது!" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் பெண்சாதி. ஜப்பான்காரனையே ஏமாற்றுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒருநாள் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், அப்பா காய்ச்சலில் இறந்ததைச் சொன்னார். பெண்கள் கூடி அம்மாவின் பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். தாத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைப் பிடித்துக்கொள்ளவே அம்மாவுக்கு நேரம் சரியாக இருந்தது.

மறுநாள் வாளியோடு வந்தவர் அம்மாவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னம்மா வெறும் நெத்தி? எம்மவன் எங்க?"

அம்மா சொன்னாள். அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல் விழுந்து அழுதார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

அதன் பிறகு ஒரு விடியலில் அம்மா மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு ஒன்றையும் கட்டிக்கொண்டாள். தாத்தா வந்தார், கேட்டார்.

"அப்பவே போயிட்டாரு மாமா."

கஞ்சியைக் குடித்துவிட்டு நிம்மதியாக வெயிலில் போய் உட்கார்ந்தார்.

மண்டோர் பெண்சாதிதான் முதலில் பார்த்தாள். "புருசன் செத்த ஈரம் காயல, ஒனக்குப் பொட்டு கேக்குதாடி?"

"மெதுவாப் பேசுக்கா. மாமா காதுல விழுந்துரப் போவுது."

அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் எங்கள் வீட்டை யாரும் அழைக்கவில்லை. குழாயடியில் அம்மா வந்தால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். பொட்டு மட்டும் தினமும் இருந்தது.

ஜப்பான்காரன் போவதற்குச் சற்று முன்பு தாத்தா இறந்தார். பிணத்தை எடுத்துப் போனதும் அம்மா சேலைத் தலைப்பால் நெற்றியைத் தானே துடைத்துக்கொண்டாள். பிறகு அழத் தொடங்கினாள். பொழுது சாய்ந்தும் நிறுத்தவில்லை. மாமனார்மேல் ஒருத்திக்கு இவ்வளவு பாசமா என்று நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.