கண்ணை மூடி எண்ணிய பாஸ்

துறைமுகத்தடிக் கொட்டிலில் நான் இருந்தேன். மகள் இருந்தாள். மச்சான் இருந்தான். படகு எஞ்சின் திருத்துபவர் இருந்தார்; அங்கே எல்லோரும் அவரை பாஸ் என்றார்கள். மெலிந்த மனிதர், முழங்கை வரை கிரீஸ். பெயர் கேட்கவில்லை.

மகளின் லப்டொப் போட்ட கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். வேலை விண்ணப்பம் அதற்குள் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். லப்டொப் திருத்தும் கடைக்காரர் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். அதனால்தான் பாஸிடம் வந்தோம்.

"போடு பிள்ளை," என்ற பாஸ் கண்ணை மூடி எண்ணினார். நாற்பதில் நின்றது. மறுபடி போட்டாள். பதினைந்தில் நின்றது.

"சூடுதான். சுடச்சுடக் கெதியா நிக்குது. படகு எஞ்சினும் இப்பிடித்தான்."

"பாஸ், மண்ணெண்ணெய் ஊத்திப் போடாதீங்கோ," என்றான் மச்சான்.

"முதல்ல உன்ர வாயைக் கழட்டோணும்."

லப்டொப்பின் அடியைக் கழற்றினார். உள்ளே காற்றாடி முழுக்கப் பூனை மயிர். பிரஷால் துடைத்துப் பூட்டினார்.

மகள் போட்டாள். பாஸ் மறுபடி கண்ணை மூடினார். நாற்பது தாண்டியது. இருநூறும் தாண்டியது.

"அனுப்பிட்டனப்பா!"

மச்சான் தகரத்தில் தாளம் போட்டான். நான் ஆடினேன். என் கலியாணத்திலும் அப்படி ஆடவில்லை.

பாஸ் கண் திறக்கவில்லை. நன்றி சொன்னோம். எண்ணிக்கொண்டே கையசைத்தார். எதுவரை எண்ணினாரோ, இன்றும் தெரியாது. வாசல் தாண்டும்போது கடைசியாகக் கேட்டது:

அறுநூற்றுப் பதினொன்று.