அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு பல் செட்டு

அந்தமான் டாலிகஞ்சில் இருந்த பக்கிரிசாமிக்கு அறுபது நிறைய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் வீட்டில் பரிசுப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மகன் சண்முகம் கைக்கடிகாரம் என்றான். மனைவி சுப்பம்மாள் பட்டு வேட்டி என்றாள். அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்த மருமகள் பங்கஜம், "பல் செட்டு" என்றாள்.

மூன்று வருடமாக அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது.

பக்கிரிசாமி துறைமுகத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் பயணிகள் லாஞ்சு ஓட்டும் ஸ்ராங்கு. கைதியாக வந்து, விடுதலையானபின் இங்கேயே குடும்பம் நடத்தியவருக்குப் பிறந்தவர். அந்தமானைத் தாண்டி ஒரு மண்ணையும் மிதித்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் கொடுத்த அடியில் முன்பல் ஆறும் போயின. மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாக ஆடி, 1962-இல் கடைசிப் பல்லும் விழுந்தது. அன்றிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவார், மொய் வைப்பார், "லாஞ்சு டியூட்டி இருக்கு" என்று இலை போடுமுன் நழுவிவிடுவார். வீட்டில் குழைத்த சோற்றை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்தபடி விழுங்குவார். புயலில்கூடப் பயணிகளை அதட்டி உட்காரவைக்கும் மனிதர், பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்.

அறுபதாம் கல்யாணத்துக்கும் முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டார். "தாலி கட்டச் சொல்லு, கட்டுறேன். மாலை போடச் சொல்லு, போட்டுக்குறேன். பந்தியில மட்டும் உக்காரச் சொல்லாதீங்க. பஸ், அவ்வளவுதான்."

கல்யாண மாப்பிள்ளை இல்லாத பந்தியா? எல்லோரும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். பங்கஜத்தின் தலை மட்டும் ஆடவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வயதில் ராமநாதபுரத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி, நாலு நாள் வாந்தியெடுத்து, நடைப்பிணமாக இந்த வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். மாமனார் எதிரில் மருமகள் உட்காரவே கூடாது என்ற ஊர் அவளுடையது. முதல்நாள் அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றபோது பக்கிரிசாமிதான் தன் பக்கத்தில் ஒரு தட்டை வைத்து, "இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புடுவோம், வந்து உக்காரு" என்றார். அவள் நாலு வாய் சாப்பிடும்வரை அவரும் கையைக் கழுவாமல் காத்திருந்தார். அப்படிப்பட்டவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் விசாரித்தவரையில் போர்ட் பிளேரில் பல் பிடுங்க ஆள் உண்டு, முழுசெட்டாகக் கட்டித்தர ஆளில்லை. கப்பலேறி மெட்ராஸ் போய் வாருங்கள் என்றால் பக்கிரிசாமி, "மெயின்லேண்டுல எனக்கு யார் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பேச்சையே மூடிவிடுவார். பங்கஜம் நேராகத் தெருமுனையில் கடை வைத்திருந்த நூருல்லா பாயிடம் போனாள். பாயின் அக்காள் மகன் மெட்ராஸில் பல் கட்டுகிறவரிடம் வேலை பார்த்தான். பாய் கடிதம் போட்டார். பதில் வந்தது: தேன்மெழுகை வெந்நீரில் இளக்கி, மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் அழுத்தி அளவெடுத்து அனுப்பினால் செய்து தருவார்களாம்.

"வாய்க்குள்ள யாரும்மா கை விடுறது?" என்றார் பாய்.

"நான்தான்" என்றாள் பங்கஜம்.

காட்டுத்தேன் விற்பவரிடம் மெழுகு வாங்கி இளக்கிக்கொண்டு மாமனார் முன் போய் நின்றாள். "வாயத் தொறங்க மாமா."

"பஹூ, பாகல் ஆயிட்டியா?" மருமகளைப் பஹூ என்றுதான் கூப்பிடுவார். தீவில் பிறந்தவர்களின் தமிழில் பாதி இந்தி.

"ஆமா, பைத்தியம்தான். மெழுகு ஆறுது, தொறங்க."

சுப்பம்மாள் வெட்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மாமனார் வாய்க்குள் மருமகள் கை! ஊரில் கேட்டால் காறித் துப்புவார்கள். பக்கிரிசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பங்கஜம் மெழுகை மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் அழுத்தி அளவெடுத்தாள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த அளவைத் தானே பாழாக்கினாள். மறுநாள் காலை, கப்பல் கிளம்பப்போகிறது என்று தெருவில் யாரோ சொல்லக் கேட்டு, தலைகூடப் பின்னாமல் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு ஓடினாள். ஏறிக்கொண்டிருந்த கப்பல்காரர் ஒருவர் கையில் பொட்டலத்தையும் விலாசத்தையும் திணித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினாள். கப்பல் ஒரு தடவை மெட்ராஸ் போகும், ஒரு தடவை கல்கத்தா போகும். தீவில் ஏழு வருடம் குப்பை கொட்டியும் அவள் மனசுக்குக் கடலுக்கு அக்கரை என்றால் மெட்ராஸ் மட்டும்தான். பொட்டலம் கல்கத்தாவுக்குப் போய்விட்டது.

ஒன்றரை மாதம் கழித்து அதே பொட்டலம் அதே கப்பல்காரர் கையோடு திரும்பி வந்தது. பிரித்தால், இயந்திரச் சூட்டில் உருகிய மெழுகு புளி உருண்டை மாதிரி ஒரே கட்டியாகக் கிடந்தது. பங்கஜத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"கல்கத்தாவ சுத்திப் பாத்துட்டு வந்துச்சா என் வாய்?" என்று பக்கிரிசாமி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கை மறுபடி வாயை மறைத்தது. "முடிஞ்சுது. இனிமே என் வாயில யாரும் கை வெக்கக் கூடாது."

"அப்பவே சொன்னேன், கடிகாரம்னு" என்றான் சண்முகம். பங்கஜம் பார்த்த பார்வையில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பங்கஜம் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து, ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போய் எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவைக் கெஞ்சி வாங்கிவந்தாள். மெழுகில் அளவெடுத்து அதில் மாவைக் கரைத்து ஊற்றிவிட்டால் கல்லாக இறுகிவிடும், எந்தச் சூட்டுக்கும் அசையாது. எல்லாம் தயார். வாய்தான் இல்லை. வீட்டில் அவர் அவள் கண்ணிலேயே படாமல் தப்பிக்கொண்டிருந்தார்.

எனவே அவள் லாஞ்சில் ஏறினாள். அக்கரை போனது, எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. இக்கரை வந்தது, அப்போதும் இறங்கவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த பக்கிரிசாமி முதலில் பார்க்காததுபோல் இருந்தார். மூன்றாவது நடையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பஹூ இது? வீட்டுக்குப் போ."

அவள் பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "சத்தம் போட மாட்டேன் மாமா. உங்க மானத்த வாங்க மாட்டேன். ஆனா நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எறங்கவும் மாட்டேன்."

"பல்லு இல்லாம நான் செத்தா போயிட்டேன்?"

"நீங்க சாகல. ஆனா நீங்க அந்தச் சுவரப் பாத்துச் சாப்புடுறப்ப எனக்குச் சோறு எறங்கல. மூணு வருஷமா எறங்கல."

வெயில் ஏறியது. அவளுக்கு ஏற்கெனவே கடல் ஒத்துக்கொள்ளாது, நாலாவது நடையில் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து அதே பலகையில் உட்கார்ந்தாள். பக்கிரிசாமி அவளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "அரே பாப்ரே" என்று பெருமூச்சு விட்டார். "சரி, சலோ. சாயங்காலம் வந்து தொறக்குறேன்."

இந்த முறை அவள் கப்பல் எந்த ஊர் போகிறது என்று ஜெட்டியில் மூன்று பேரிடம் கேட்டாள். நூருல்லா பாய் சிரித்தே விட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பல் செட்டு வந்து சேர்ந்தது. மேல்வரிசை கச்சிதமாக உட்கார்ந்தது. கீழ்வரிசைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை, பேசினால் துள்ளியது. ஆனாலும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்த பக்கிரிசாமி வெகுநேரம் அங்கேயே நின்றார். "பந்தியில உக்காருறேன்" என்றார்.

தை மாதம் தாலி கட்டி முடிந்து, வாசல் பந்தலில் இலை விழுந்தது. முதல் இலையில் அவர், பக்கத்து இலையில் சுப்பம்மாள், எதிரிலும் வரிசையிலுமாகச் சுமார் அறுபது பேர். பங்கஜம் சாம்பார் வாளியோடு நின்றாள். அவர் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்து மென்றார். கீழ்ப்பல் நழுவி ஈறைக் கவ்வியது. அவர் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. கை சட்டென்று வாய்க்குப் போனது.

பங்கஜத்துக்கு உயிரே போனது. இப்போது எழுந்து போனால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் வேறு பந்திக்கு வர மாட்டார். அவமானமும் தன்னால்தான். கடிகாரமே வாங்கியிருக்கலாமோ என்றுகூட அந்த ஒரு கணத்தில் அவளுக்குத் தோன்றியது. அவர் இடக்கையைத் தரையில் ஊன்றுவது தெரிந்தது.

அவர் எழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய்க்குள் விரலை விட்டு மேல்செட்டையும் கீழ்செட்டையும் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார். பந்தி ஸ்தம்பித்தது. நூருல்லா பாய் கவளத்தோடு கை அந்தரத்தில் நிற்க அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் பாக்குறீங்க?" என்றார் பக்கிரிசாமி, பொக்கைவாயை நன்றாகத் திறந்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "பல்லு வலிக்குது. வயிறு பசிக்குது. எல்லாரும் சாப்புடுங்க. பஹூ, சாம்பார் ஊத்து."

அவள் ஊற்றினாள். அவசரத்தில் சாம்பார் இலையைத் தாண்டப் பார்த்தது. அவர் அதை அணைகட்டி, சோற்றைக் குழைத்து, ஈறால் மென்று, எதிரிலிருந்தவர்களோடு கதை பேசிக்கொண்டே சாப்பிட்டார். இன்னொரு முறை சோறு வாங்கிக்கொண்டார். மூன்றாம் முறை அவர் கேட்டபோது பங்கஜம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுறத அப்புறம் வெச்சுக்க, பஹூ" என்றார் பக்கிரிசாமி. "மொதல்ல சோறு போடு."