நான் வாங்கப் போகாத தபால்

கடந்த நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, கனடாவிலிருந்து என் மகள் ஷீபா அழைத்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்கு விசா நீட்டிப்புக் கிடைக்காது போலருக்குப்பா. ஒரு பேப்பர் கேட்டிருக்காங்க. ஏழு நாள்தான் டைம்."

அன்று தொடங்கிய கோபம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அடங்காது என்று தெரிந்துவிட்டது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சபையாரில் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி கிரேஸ் நெய்வேலி நகரியத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஒரு நாளிதழுக்கு இந்த ஊரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று பழக்கப்பட்டவன். சாட்சியையும் அப்படித்தான் எழுத வரும்.

ஷீபா கருவுற்ற மூன்றாம் மாதமே உதிரப்போக்கு. படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார்கள். கிரேஸ் பார்வையாளர் விசாவில் போனாள். ஆறு மாதம் தங்க அனுமதி. பிரசவம் முடிந்து, ஒரு வாரம் இருந்து திரும்பிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். தொள்ளாயிரத்து அறுபது கிராம். ஷீபாவுக்கு அறுவை சிகிச்சைக் காயம் சீழ் பிடித்து மறுபடியும் தையல் போட்டார்கள். மருமகன் வினோத்துக்கு ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டான்.

பேரன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஆக்சிஜன் குழாயோடுதான் வருவான், யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த யாராவது, கிரேஸ்தான். வேறு ஆள் இல்லை. ஆறு மாதம் முடிவதற்குள் நீட்டிப்புக்கு மனு போட்டோம். மனு மறுக்கப்பட்டால் அவள் விமானம் ஏற வேண்டும்.

மனுவில் தவறு எங்களுடையது. நகரியத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

இங்கே முப்பது ஆண்டுகள் நிறுவனக் குவார்ட்டர்ஸில் இருந்தவனுக்கு அது தன் வீடு இல்லை என்பது மறந்துபோகிறது. குடியிருப்பு வட்டமும் வீட்டு எண்ணும் பாஸ்போர்ட்டில் ஏறுகின்றன, ஆதாரில் ஏறுகின்றன, பிள்ளைகளின் சான்றிதழில் ஏறுகின்றன. ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறோம். காகிதத்தில் மட்டும் அங்கேயே குடியிருக்கிறோம். கிரேஸின் பாஸ்போர்ட்டிலும் குவார்ட்டர்ஸ் முகவரிதான். ஷீபா மனுவில் 'சொந்த நாட்டில் நிரந்தர முகவரி' என்ற இடத்தில் அதையே தட்டச்சு செய்துவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. அவளுக்கு வேறு முகவரி மனத்தில் இல்லை. ஆனால் கூடவே நாங்கள் வைத்த வீட்டு வரி ரசீது, நகரியத்துக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் நாங்கள் பிறகு கட்டிய வீட்டுக்கானது.

இரண்டு முகவரி. எதில் குடியிருக்கிறீர்கள், முதல் முகவரியை விட்டது எப்போது, அதற்கு அதிகாரப்பூர்வச் சான்று என்ன என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

தேவைப்பட்டது ஒரே காகிதம்: குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒப்படைத்ததற்கான சான்று. அது எங்களிடம் இல்லை. வந்ததாகவே எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை நகரிய நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் பொறுமையாகவே பேசினார். "கோப்பு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும் சார். நகல் கேட்டு எழுதிக் குடுங்க. பதினைஞ்சு நாள் ஆகும்." எனக்கு இருந்தது ஆறு நாள்.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். விஷயத்தைச் சொன்னேன். ஜெபித்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் ஜெபம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது ஒரு சகோதரர் சொன்னதை நான் மறைக்கப்போவதில்லை. அவரும் இதைப் படிப்பார்.

"பிரதர், ஒருவேளை சிஸ்டர் திரும்பி வர்றதுதான் கர்த்தருடைய சித்தமோ என்னவோ. வெளிநாட்டு ஆசையும் ஒரு சோதனைதானே."

"ஆசையா? ஆஸ்பத்திரி நாற்காலியில உக்காந்துக்கிட்டே தூங்குறா பிரதர் அவ."

"கோபப்படாதீங்க. நிரந்தர முகவரி நமக்குப் பரலோகத்துலதான் இருக்கு."

"அதை விசா ஆபீசுக்கு எழுதி அனுப்பட்டுமா?"

சிலர் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை மூச்சுக்குப் போராடுகிற நேரத்தில் பரலோகத்தைப் பற்றி அவ்வளவு சுலபமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். சித்தம் என்ற சொல்லை அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மட்டும் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறோம்.

வியாழக்கிழமை மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கிரேஸிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லுகிற அதே குரலில் சொல்லியிருந்தாள்: "பையனுக்கு இன்னிக்கி ரெண்டு தடவ ஆக்சிஜன் சாச்சுரேஷன் எறங்கிருச்சுங்க. எண்பதுக்குக் கீழ. பேப்பர் கெடச்சுதா?" பின்னால் இயந்திரம் கூவுகிற சத்தம்.

அங்கேயே, அடுப்புக்கு முன்னால் நின்று ஜெபித்தேன். முழங்காலில் நிற்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. நான் சொன்னது இதுதான்:

"ஆண்டவரே, முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களை அவ தூக்கினா. இன்னிக்கி அவ பேரனைத் தூக்க ஒரு காகிதம் தடையா? உமக்குக் கண் இல்லையா? எனக்கு ஆறுதல் வேண்டாம். வசனம் வேண்டாம். காகிதம் வேணும். தரலைன்னா இனிமே உம்மகிட்ட நான் எதுவும் கேக்கமாட்டேன்."

ஆமென் சொல்லவில்லை. சோறு குழைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அலுவலகம். மழை. இந்த முறை குரலை உயர்த்தினேன். "ஒரு சான்று குடுக்க பதினைஞ்சு நாளா? குடுக்கவேயில்லையே நீங்க!" உள்ளேயிருந்து ஓர் ஊழியர் எழுந்து வந்தார். பெயரையும் ஆண்டையும் கேட்டார். தபால் அனுப்பிய பதிவேடு ஒன்றை எடுத்துவந்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார்.

"அப்பவே அனுப்பியிருக்கு சார்."

"எங்க அனுப்பினீங்க?"

"பழைய குவார்ட்டர்ஸுக்கே. நீங்க புது முகவரி குடுக்கலையே. பாருங்க." ஒப்படைப்புப் படிவத்தின் நகல் அந்தப் பதிவேட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. 'காலி செய்தபின் முகவரி' என்ற கட்டத்தில் ஒரு நீண்ட கோடு. என் பேனா. என் கை. முடிவில் பேனா தாளைக் கிழித்த தடம்கூட நகலில் விழுந்திருந்தது.

அந்தக் கோடு போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. சாவியைக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்குப் புதிதாக ஒதுக்கீடு பெற்ற பழனி என்பவர் மனைவியோடு வந்து, கட்டில் நுழையுமா என்று கதவை அளந்தார். காடாம்புலியூர்க்காரர். பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்து அப்போதுதான் பெர்மனென்ட் ஆனவர். "இன்னும் நாங்க சாகலைங்க, அப்புறமா வந்து அளங்க" என்றேன். அவர் மனைவி செல்வியின் முகம் சுருங்கியதை கிரேஸ் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதே கையோடு உள்ளே போய்ப் படிவத்தை நிரப்பினேன். புது முகவரி கேட்ட இடத்தில் கோடு போட்டேன். எங்களைத் துரத்துகிறவர்களுக்கு எங்கள் முகவரி எதற்கு என்ற எண்ணம். யாரும் துரத்தவில்லை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் வெளியே வந்தபின், எங்கள் பெயருக்குத் தபால் வந்து கிடப்பதாக அந்த வீட்டிலிருந்து மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். பால்காரர்தான் வந்து சொன்னார். மூன்றாம் முறை நான் அவரிடம் சொன்ன பதில்: "குப்பையில போடச் சொல்லுங்க."

அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் கடவுளைப் பார்த்துக் கண் இல்லையா என்று கேட்டவன் நான்.

பழைய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டோடு பத்து நிமிடம் நின்றேன். வாசலில் கிரேஸ் வைத்த எலுமிச்சை காய்த்துக் கிடந்தது. கதவு திறந்தது.

"யாரு? ஐயாவா? ஐயோ, மழையில நின்னுகினு கீறீங்களே. உள்ள வாங்க, ஒங்க வூடுதான்."

"இல்லம்மா. ஒரு தபால்... ரெண்டு வருஷம் ஆச்சு. இருக்காது."

"தபாலா!" செல்வி இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வாட்டி ஆள் உட்டேன். குப்பையில போடச் சொன்னீங்களாம். நாங்க அளக்க வந்தப்போ இன்னும் சாவலன்னு சொன்னீங்க. நல்லாத்தான இருக்கீங்க, ஒரு நட வந்து வாங்கிக்கினு போவக் கூடாதா?"

"தப்புதாம்மா."

"ஒக்காருங்க மொதல்ல."

உள்ளே போனாள். நான் குப்பை வண்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையை ஒட்டிய சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தாள். பையில் விபூதி வாசனை. அதன்மேல் முருகன் படத்திலிருந்து உதிர்ந்த ஒரு காய்ந்த பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்படிம்மா அங்க?"

"ஒங்க கோயில் புக்கு மாசாமாசம் வருதே, அட்டையில ஒங்க சாமி படம் போட்டுகினு. அத எப்படி குப்பையில போடறது? தரையில வைக்கவும் மனசு வரல. மாடத்துல வச்சேன். மத்த தபாலு எல்லாம் அதோட சேத்து வச்சிட்டேன். அவரு கூட கேட்டாரு, என்னாடி, முருகன் பக்கத்துல ஏசுவான்னு. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சண்டை போட்டுக்கல, நீ போய் ஷிப்டுக்குக் கெளம்புன்னேன்."

கோயில் புக்கு என்று அவள் சொன்னது, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதே பத்திரிகையைத்தான். இருபத்து மூன்று இதழ்கள். நடுவே காப்பீட்டு அறிவிப்பு ஒன்று, ஒரு கல்யாணப் பத்திரிகை, பிரிக்காத ஒரு பழுப்பு உறை. உறைக்குள் கிரேஸின் பெயர், குவார்ட்டர்ஸ் எண், ஒப்படைத்த தேதி, முத்திரை. ஒரு மூலைகூட நனையவில்லை.

நான் அழுதேன். செல்வி பயந்துவிட்டாள். "யாருக்கு என்னாச்சு?" என்றாள். சொன்னேன். பேரனின் எடையைச் சொன்னேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு காபி கொண்டுவந்து வைத்து, "குடிச்சிட்டு மொதல்ல அதை அனுப்புங்க" என்றாள். அந்த வீட்டு மேசையிலேயே சான்றைப் படமெடுத்து ஷீபாவுக்கு அனுப்பினேன். அங்கே இரவு. அவள் விழித்துத்தான் இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. கிரேஸ் இன்னும் ஆறு மாதம் தங்கலாம்.

பேரன் டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். வந்த எட்டாம் நாள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. ஷீபாவால் குனியவே முடியாது. வினோத் வேலையில். கிரேஸ் பிறகு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீலமாயிட்டான். திருப்பிப் போட்டுப் பாலை எடுத்துட்டு, உள்ளங்கால்ல ரெண்டு சுண்டு சுண்டினேன். அழுதான்." நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "கேக்குதா?" என்றாள். கேட்டது. அவள் பின்னால் அவன் அழுதுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

சபையாரே, என் விசுவாசத்தால் இது நடந்தது என்று யாரும் எழுத வேண்டாம். என் விசுவாசம் அடுப்படியில் கத்திக்கொண்டிருந்தது. நான் ஜெபிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்த உறை ஒரு மாடத்தில் ஏற்றப்பட்டிருந்தது. நான் அவமானப்படுத்திய பெண்ணின் கையால், நான் தூக்கிப் போடச் சொன்ன பிறகும். இதைத்தான் நான் ஜெபத்துக்கு வந்த பதில் என்கிறேன். இதைவிடக் கூச்சப்படுத்துகிற பதிலை அவர் எனக்குக் கொடுத்திருக்க முடியாது.

என் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அதன் முகம்தான் திரும்பியிருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்ட கையை இன்னும் நான் மன்னிக்கவில்லை. நம்பாதவர்கள் வீடு என்று நாம் தாண்டிப்போகிற வாசல்களை நினைத்தாலும் கோபம் வருகிறது. தேநீர் நேரத்துச் சகோதரருக்கும் ஒன்று சொல்கிறேன்: வாருங்கள், அந்த வீட்டுக்கு உங்களை ஒரு நாள் அழைத்துப் போகிறேன். காபி நன்றாக இருக்கும்.

துன்பத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. உங்கள் கோபத்தை மடித்து வைத்துவிட்டு, நல்ல முகத்தோடு அவரிடம் போகாதீர்கள். இருக்கிறபடியே போய்க் கேளுங்கள். அவர் தாங்குவார். ஆனால் கேட்ட பிறகு எந்த வாசலுக்கு அனுப்பினாலும் போங்கள். குறிப்பாக, போகவே கூடாது என்று நீங்கள் வைத்திருக்கும் வாசலுக்கு.

சென்ற மாதம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், என் முகவரியை வடக்குத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று. வேண்டாம் என்றேன். பழைய குவார்ட்டர்ஸுக்கே அனுப்புங்கள். ஒவ்வொரு மாதமும் நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.