ஆறு பட்டைப் பதநீர்

சீனச் சண்டை ஓய்ந்த மறு பங்குனியில் நானும் அத்தையும் இந்தப் பயணம் போனோம். கீழக்கரைக்குக் கிழக்கே, கடலோரப் பனந்தோப்பு ஊர் எங்களுடையது. மண்டபத்திலிருந்து எங்கள் பக்கம் வல்லம் என்கிற பாய்மரப் படகில் வர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று பதநீர் காய்ச்சப் போனவள் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத ஓரளவு வரும்.

போனது தோப்புக்காக. கடலைக் காக்க ஜெட் விமானங்கள் வரப்போகின்றன, அவை இறங்கத் தளம் வேண்டும் என்று தோப்புக்குள் அளவுக் கல் நட்டிருந்தார்கள். மரம் போனால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. இடம் பார்க்க வந்த அதிகாரியிடம் என்னைப் பெற்ற அய்யாதான் பேசினார்.

"அம்புட்டு வேகமாப் போற விமானத்துக்கு, கரையோரம் ஊர்ந்து வார வல்லம் தெரியுமாங்கய்யா? விடிஞ்சா நாங்க பனை உச்சியிலதான் இருக்கோம். எங்க கண்ணுல படாம ஒண்ணும் போவாது."

"ஒரு ஜெட் வாங்குற பணத்துல இந்தக் கரை பூராவும் காவல் போடலாம், வாஸ்தவம்தான்" என்றார் அதிகாரி. "நீங்க பார்ப்பீங்க, சரி. வல்லம் வந்து சேர்றதுக்கு முன்னால சேதி வந்து சேருமா?"

சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அதிகாரி மண்டபத்திலிருந்து வல்லத்தில் வருவார். எந்த நாள், எந்த வேளை என்று சொல்லமாட்டார். செய்தி முந்திக்கொண்டால், தளம் வேண்டாம், காவலுக்குப் பனையேறிகளே போதும் என்று மேலே எழுதுவார். வல்லத்தில் ஊர்க்காரர் சாட்சியும் வேண்டும். ஆண்கள் மரத்தில் இருக்க வேண்டியவர்கள். அதனால் அத்தையும் நானும்.

இராமநாதபுரம் வரை பஸ், ஆளுக்கு அரை ரூபாய். அங்கிருந்து மண்டபத்துக்கு ரயில், ஒரு மணி நேரம். வேண்டுதல் இருக்கிறதென்று அத்தை அதே ரயிலில் இராமேஸ்வரத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டாள். பாம்பன் பாலத்தில் ரயில் நடை வேகத்தில்தான் போகும். ஜன்னலோரம் உட்காருங்கள், ஆனால் கீழே பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் மண்டபத்துக்குத் திரும்பிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் விடியற்காலை அதிகாரியின் ஆள் வந்து கூப்பிட்டார்.

"செவப்புத் தாவணியக் கட்டிக்கடி, தூரத்துல தெரியும்" என்று அத்தை காதில் சொன்னாள். எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சி என்று பேர் வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. மண் நிறத் தாவணியையே கட்டிக்கொண்டேன்.

வல்லக்காரர் பெயர் காதர். அவர் தம்பியும் உடன் வந்தார். அதிகாரியோடு ஒரு குமாஸ்தா. புறப்பட்டதும் அதிகாரி ஒரு வேலை செய்தார். கரையிலிருந்து ஆள் கணக்குத் தப்ப வேண்டும் என்று, குமாஸ்தாவை வல்லத்தின் அடியில் படுக்கவைத்துப் பழைய பாய்த்துணியால் மூடிவிட்டார்.

"கருவாட்டக் கூட இப்படி மூட மாட்டோம் சார்" என்றார் காதர்.

காற்று சுகமாக இருந்தது. இடப்பக்கம் தீவுகள், வலப்பக்கம் பனை, பனை, பனை. கடலுக்குள் இருந்த பாறைக்கு விலகி ஓரிடத்தில் வல்லம் கரையை ஒட்டிப் போனது. அங்கேதான் குமாஸ்தாவுக்குத் தாங்கவில்லை. துணியைத் தள்ளிவிட்டு எழுந்து, கடலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டார். நான் பனை உச்சிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கை அசையவில்லை, ஒரு தலை திரும்பவில்லை. தோப்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.

நாலரை மணி நேரத்தில் எங்கள் கரை வந்தது. அய்யாவும் இன்னும் சிலரும் நின்றார்கள். மணலில் பனையோலைப் பட்டைகள் வரிசையாக இருந்தன. அய்யா ஒவ்வொன்றிலும் பதநீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஆறு பட்டை. துணிக்கடியில் இருந்தவரோடு சேர்த்து நாங்களும் ஆறு பேர்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீ ஏதாவது சைகை காட்டுனியாம்மா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "இல்லீங்க" என்றேன். அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அய்யா கடைசிப் பட்டையை எடுத்துக் குமாஸ்தாவிடம் நீட்டினார். "குடிங்கய்யா. வயிறு இப்பத் தேவலையா?"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பதநீருக்குப் பாளை சீவும்போதே மரத்துக்கு மரம் சத்தம் போட்டு ஊர்க்கதை பேசுவது பனையேறிகளின் வழக்கம். பாறையருகே பார்த்தவர் பக்கத்து மரத்துக்குச் சொல்ல, குமாஸ்தாவின் வாந்தி எங்களுக்கு முன்பே ஊர் வந்துவிட்டது.

வைகாசியில் தளம் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அளவுக் கல்லை யாரும் எடுத்துப் போகவில்லை. அத்தை அதில் துணி துவைக்கிறாள். இப்போது அய்யாவும் மற்றவர்களும் பேசும் ஊர்க்கதையோடு, புது வல்லம் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒருவர் நடந்துபோய் அதிகாரியின் ஆளிடம் தெரிவிக்கிறார்.

வர நினைப்பவர்கள் பங்குனி, சித்திரையில் வாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வல்லம் ஏறாதீர்கள், பழையது கொஞ்சம் சாப்பிடுங்கள். குடிதண்ணீர் கொண்டு வாருங்கள். வருகிறோம் என்று முன்கூட்டிக் கடுதாசி போட வேண்டாம். எத்தனை பேரோ அத்தனை பட்டை மணலில் இருக்கும்.