கோட்டுக்குள் தெரியாத துப்பாக்கி

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் அந்தப் பிஸ்டல். முகாமையாளர் அதைத் தன் கோட்டின் உட்பையில் போட்டு, அப்படியும் இப்படியும் திரும்பிக் காட்டி, "தெரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெருமை வழிந்த அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில், இரத்தினக் கற்களைக் கடைக்குக் கடை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் நான் தட்டச்சாளர். அக்காவின் கணவரான அத்தானுக்கும் அங்கேயே வேலை. பட்டம் பெற்று யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். அந்தப் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ஆகவே துப்பாக்கி உரிமம் எடுத்து, சாதாரண உடையில் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு கற்களுக்குக் காவல் போனார்.

புதுப் பிஸ்டலைப் பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பார்த்த அன்றே அத்தான் அதை வேண்டாம் என்றார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழாமல் மூன்று தரம் இடையில் சிக்கிவிட்டதாம். குட்டைக் குழல் ரிவால்வர் ஒன்று கேட்டார். கோட்டு புடைத்துத் தெரிந்தால் வாடிக்கையாளர் மிரளுவார்கள் என்று முகாமையாளர் மறுத்தார்.

"தெரியாம இருக்கிறது பெரிசில்லைப் பிள்ளை. இழுத்து எடுத்தா வேலை செய்யோணும்," என்றார் அத்தான் என்னிடம்.

அவர் விடாமல் நின்றதால் பிஸ்டல் துப்பாக்கி திருத்துபவரிடம் போனது. திரும்பி வந்தபோது கூடவே பென்சிலில் எழுதிய ஒரு காகிதத் துண்டு: இன்னும் சிக்குகிறது, காவல் வேலைக்குக் கொடுக்க வேண்டாம். முகாமையாளர் ஏற்கெனவே அதே வகையில் ஐந்து வாங்கிவிட்டார். தன் தெரிவு பிழை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. "குறை நீக்கப்பட்டது" என்று அறிக்கை அடிக்கச் சொன்னார். துண்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்றேன். உன் வேலை அடிப்பது மட்டும் என்றார். அடித்தேன். வேலை போய்விடும் என்ற பயம். துண்டை மட்டும் எறியாமல் வைத்துக்கொண்டேன்.

அறிக்கையின் அடியில் என் பெயரின் முதலெழுத்துகளைக் கண்ட அத்தான் சிரித்தார். "நீ அடிச்சதெண்டா சரியாத்தான் இருக்கும்."

மூன்றாம் வாரம், பட்டப்பகலில், ஒரு நகைக்கடையின் பின்சந்தில் ஒருவன் அவரை மறித்துத் துப்பாக்கியை நீட்டினான். அத்தானின் முதல் குண்டு சுவரில் பட்டது. இரண்டாவது வரவில்லை. அவன் சுட்டது அத்தானின் வலது மணிக்கட்டைச் சிதைத்தது. அந்தக் கை பிறகு ஒருநாளும் பேனா பிடிக்கவில்லை.

பிஸ்டலை ஒழுங்காகத் துடைத்து வைக்காதது அத்தானின் பிழை என்று விசாரணையில் கூசாமல் சொன்னார் முகாமையாளர். நான் எழுந்து அந்தப் பென்சில் துண்டைக் கொடுத்தேன். அத்தான்மேல் பிழையில்லை என்று தீர்ப்பானது. என் வேலை போனது. முகாமையாளர் அதே பதவிக் கதிரையில் இருந்து ஓய்வுபெற்றார்.

தெரிந்த சனமெல்லாம் என் துணிச்சலைப் புகழ்ந்தது. அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். அத்தான் மட்டும், அவள் தேநீர் போடக் குசினிக்குள் போகும்வரை பார்த்திருந்து, மெதுவாகக் கேட்டார்:

"அறிக்கை அடிக்கேக்கையே உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம், அத்தான்."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடவில்லை.