பவளக்காலியின் முழங்கால்

களிமண் காயும்போது விரல் தோலை மெல்லப் பிடித்து இழுக்கும். உப்பளத்துக் களிமண் என்றால் அந்த இழுப்போடு ஓர் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகள் புத்தகங்களுக்கு நாற்பது ஆண்டுகளாகப் படம் வரைந்து வருகிறேன், வாட்டர்கலர், இங்க், இப்போது கம்ப்யூட்டர் பேனா என்று எத்தனையோ பழகிவிட்டேன், ஆனாலும் உங்கள் முதல் வண்ணம் எது என்று யாராவது கேட்டால் மரக்காணத்து உப்பளச் சேறு என்று கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்வேன். முதல் தாள், உப்புக் குவியல்.

எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம்; அவர் ஓர் உப்பளத்தில் காவல்காரர். பாத்தியிலிருந்து வாரிய உப்பை வரப்பின் மேல் ஆளுயரத்துக்குக் குவித்து, கரைத்த களிமண்ணை அதன்மேல் ஊற்றி மெழுகி, ஈரம் காய்வதற்குள் ஒரு மரப்பலகை அச்சை அழுத்தி எடுப்பார் நைனா. அதற்குப் பெயர் 'குறி'; ராத்திரியில் அங்கே ஆள் இருக்காது, குறிதான் காவல். காலையில் குறி கலைந்திருந்தால் யாரோ உப்பில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் காவல்காரர்.

அந்தக் கோடை விடுமுறையில் அச்சுப் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. திண்டிவனத்து ஆசாரி புதுசு செய்து தரப் பத்து நாளாகும் என்றார். "அதுவரைக்கும் எதையாவது கிறுக்கி வைப்பா" என்று உப்பள மேஸ்திரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நைனாவுக்குக் கிறுக்கவும் வராது. வீட்டுச் சுவரையெல்லாம் அடுப்புக்கரியால் பாழாக்கி அம்மாவிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த என்னைத்தான் மறுநாள் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப் போனார்.

எதை வரைவது என்று நான் யோசிக்கவே இல்லை. கண்ணெதிரே பாத்தித் தண்ணீரில் பவளக்காலிகள் நின்றுகொண்டிருந்தன. கறுப்பும் வெள்ளையுமான சின்ன உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளச் சிவப்புக் கால்கள். காலைத் தூக்கும்போது நமக்கு முழங்கால் முன்னால் மடங்குகிறது, அதற்குப் பின்னால் மடங்கும் (உண்மையில் அது கணுக்கால் என்று பின்னாளில் படித்தேன்). அதை அப்படியே ஆள்காட்டி விரலால் ஈரக் களிமண்ணில் இழுத்தேன், குவியலுக்கு ஒரு பறவை, எல்லாமே ஒரு காலைத் தூக்கி நிற்கும் பறவைகள். உப்பு வாரும் பெண்கள் கூடையோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பறந்துடப் போவுது" என்று கேலி செய்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை நாங்கள் போனபோது, கடைக்கோடிக் குவியலருகே மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். குவியல் முந்தைய நாளைவிட ஒரு சாண் தணிந்திருந்தது. ஆனால் மேலே பூச்சும் இருந்தது, பறவையும் இருந்தது.

"குறி போடுறதே உன் பொண்ணு. எடுத்துட்டு அவளையே மறுபடி போட வச்சிட்டியா? முதலாளி வரட்டும், நீயே சொல்லிக்க" என்றார்.

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வேலை போனால் போகட்டும், திருடன் என்ற பெயரோடு அந்தக் கரையில் எந்த உப்பளத்திலும் அவர் கால் வைக்க முடியாது. குவியலை நிமிர்ந்து பார்த்தேன், பார்த்ததும் பயம் போய் ஆத்திரம்தான் வந்தது.

"இது நான் போட்டது இல்லீங்க. முட்டி முன்னால மடங்கியிருக்குது பாருங்க. பவளக்காலிக்குப் பின்னாலதான் மடங்கும்."

மேஸ்திரி குவியலைப் பார்த்தார். திரும்பிப் பாத்தியில் நின்ற பறவைகளைப் பார்த்தார். முப்பது வருடமாகத் தினமும் பார்த்த பறவையின் முழங்காலை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருக்க வேண்டும். இருந்தாலும் விடவில்லை.

"அவசரத்துல நீயே தப்பா போட்டிருப்ப."

அப்போதுதான் நைனா வாயைத் திறந்தார். "தப்பா போட அவளுக்கு வராதுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு கேட்டிருக்கிறேன், மேடையில் பொன்னாடைகூடப் போர்த்தியிருக்கிறார்கள். எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. நான் என் விரலை அந்தக் கோட்டில் வைத்துக் காட்டினேன், இரு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. மேஸ்திரி தன் தடித்த விரலை வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விரலைச் சட்டென்று உதறிக்கொண்டு, "சரி சரி, வண்டித் தடம் ஏதாவது இருக்குதான்னு பாருங்க" என்று நடந்தார். திருடியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. புது அச்சுப் பலகை வந்த பிறகும், கடைக்கோடிக் குவியலுக்கு மட்டும் பாப்பாவே போடட்டும் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார்.

பிறகு சென்னை, ஓவியக் கல்லூரி, பதிப்பகங்கள். என் முதல் புத்தகத்தின்போது பதிப்பாசிரியர் ஒருவர், பறவைக்கு நம்மைப் போலவே முட்டி இருந்தால் குழந்தைகளுக்குப் பிடிக்குமே என்றார். முடியாது என்றேன். அந்த வேலை கைநழுவியது, வருத்தப்படவில்லை. அடுத்த பதிப்பகத்தில் அதே படங்கள் அப்படியே அச்சாயின. ஒவ்வொரு புத்தகம் வந்ததும் ஊருக்குக் கொண்டுபோவேன். கதையைப் படிக்கத் தெரியாத நைனா பக்கங்களைப் புரட்டி, ஏதாவது ஒரு மூலையில் நான் ஒளித்து வைத்திருக்கும் பவளக்காலியைத் தேடிக் கண்டுபிடித்து, காலை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். "சரியா இருக்குது."

இப்போது குவியல்களைத் தார்ப்பாயால் மூடுகிறார்கள், குறி கிடையாது. என் முதல் படங்கள் எல்லாம் அந்த வருடமே மூட்டையேறி யார் யார் வீட்டுக் குழம்பிலோ கரைந்துபோயின. நைனாவும் இல்லை. போன வாரம் புதுப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தது. அட்டையைக்கூடப் பார்க்காமல் பக்கங்களைப் புரட்டி மூலையில் நின்ற பறவையைத் தேடினேன், காலை உற்றுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தப்பாகப் போட எனக்கு வராது.